மாத்திரை அரசுக் கணக்கில், சோறு தர்மக் கணக்கில்

எந்த ஊர் அரசு மருத்துவமனையின் டிபி பிரிவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். மருத்துவர் சீட்டில் மாத்திரைகளை எழுதுகிறார். எழுதி முடித்துச் சீட்டை நீட்டும்போது, "நல்லா சாப்பிடணும்மா, முட்டை, பால், பருப்பு எல்லாம் சேர்த்துக்கணும்" என்று வாயால் சொல்கிறார். எழுதியது பக்கத்து ஜன்னலில் இலவசமாகக் கிடைக்கும். அது இருப்பில் இல்லாமல் போனால் பத்திரிகையில் செய்தி வரும், சட்டமன்றத்தில் கேள்வி எழும். வாயால் சொன்னதற்கு ஜன்னலும் கிடையாது, இருப்புப் பதிவேடும் கிடையாது. அது கிடைக்காமல் போனாலும் யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை.

இந்த ஏற்பாட்டைத் தாங்கி நிற்பது ஒரு கருத்து. காசநோயை உண்டாக்குவது கிருமி. கிருமியைக் கொல்வது மருந்து. ஆகவே மருந்து கொடுப்பது மருத்துவம், சோறு போடுவது தர்மம். மருத்துவக் கல்லூரி தொடங்கி நிதித் துறை வரைக்கும் படித்தவர்களிடம் ஆழ வேரோடிய கருத்து இது. முதல் இரண்டு வாக்கியங்களில் குற்றம் காண எதுவும் இல்லை. மூன்றாவதில்தான் ஓட்டை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் பல்கலைக்கழகங்களும் பொது ஆராய்ச்சி நிறுவனங்களும் செய்த ஆய்வுகள் அந்த ஓட்டையை விரித்துக்கொண்டே வந்திருக்கின்றன. ஆனாலும் கருத்து அசைந்து கொடுக்கவில்லை.

கிருமியிலிருந்தே தொடங்கலாம். 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் அதைக் கண்டறிந்ததாக அறிவித்தார். அது உடலுக்குள் புகாமல் இந்த நோய் வராது. ஆனால் புகுந்தவர்கள் எல்லோருக்கும் வருவதும் இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினர் கிருமித் தொற்று உள்ளவர்கள் என்று கண்டது. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். இப்படித் தொற்றியவர்களில் வாழ்நாளில் நோயாளி ஆகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான். மற்றவர்களின் உடல் கிருமியை ஒரு மூலையில் அடக்கி வைத்துவிடுகிறது. அடக்கி வைக்கும் அந்த ஆற்றல் எப்போது தளர்கிறது என்பதுதான் கேள்வி. எச்ஐவி, சர்க்கரை நோய், குடி, புகை ஆகியவை அதைத் தளர்த்தும். இந்தியாவில் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஊட்டக்குறைவு என்று உலக சுகாதார நிறுவனமே ஆண்டுதோறும் எழுதிவருகிறது. உடல் எடைக் குறியீடான பிஎம்ஐ ஓர் அலகு ஏறினால் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 விழுக்காடு இறங்குகிறது என்பதைப் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்து 2010இலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

இவ்வளவு தெரிந்திருந்தும் சோறு மருத்துவத்துக்குள் ஏன் நுழையவில்லை? இந்தக் கதையின் ஒரு முக்கியமான கட்டம் சென்னையில் நடந்தது.

மாத்திரை வருவதற்கு முன், காசநோய்க்குச் சிகிச்சை என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, வயிறார உணவு. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தின் பெயரில் இன்றைக்கும் ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. இங்கிலாந்தில் மெண்டிப் மலையடிவாரத்தில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் சிறிது காலம் தங்கிச் சிகிச்சை பெற்றார். அந்தக் கால மருத்துவம் உணவை நம்பியது. வேறு நம்புவதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியசிடும் வந்த பிறகு கேள்வி மாறியது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ கைம்மண் அளவு. மருந்தை வீட்டில் வைத்துக் கொடுத்தால் குணமாகுமா?

இதற்கு விடை காண 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்து நடத்திய அந்த மையம்தான் இன்றைக்குச் சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஏறத்தாழ 190 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்குப் போனது. மறுபாதி நெரிசலான குடியிருப்புகளில் தங்கள் வீட்டிலேயே இருந்தது. இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் நன்றாகப் போட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் அரைகுறையாகத்தான் சாப்பிட்டார்கள். 1959இல் முடிவு வந்தது: சானடோரியத்தில் 92 விழுக்காட்டினரும் வீட்டில் 86 விழுக்காட்டினரும் நோய் தணிந்த நிலைக்கு வந்திருந்தார்கள். வீட்டில் நோயாளியோடு இருந்த உறவினர்களுக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. இந்த நோயாளிகளின் உணவை மட்டும் அலசிய தனி ஆய்வேடும் 1961இல் வெளியானது.

உலகம் முழுக்க சானடோரியங்களின் கதவைச் சாத்திய ஆய்வு இது. சென்னை உலகத்துக்குத் தந்த மருத்துவக் கொடைகளில் இதற்கு இணையாகச் சொல்ல அதிகம் இல்லை. இதன் பெருமையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. குறை சொல்ல வேண்டியது, அதைப் பிறகு படித்தவர்கள் படித்த விதத்தை. "மருந்து சரியாகப் போனால், உணவு குறைந்தாலும் சளியில் கிருமி மறைந்துவிடும்" என்பதுதான் ஆய்வு சொன்னது. அது நாளடைவில் "காசநோய்க்கு உணவு முக்கியமில்லை" என்று சுருங்கிப் பாடப்புத்தக ஞானமாகிவிட்டது. இரண்டுக்கும் இடையில் மலையளவு தூரம். உணவு இல்லாத வீட்டில் புதிதாக யாருக்கு நோய் வருகிறது, மருந்து தொடங்கிய முதல் மாதத்தில் யார் சாகிறார்கள், குணமானவர் மறுபடி மண்வெட்டி தூக்கும் நிலைக்கு வருகிறாரா என்பதையெல்லாம் ஆராய அந்த ஆய்வு வடிவமைக்கப்படவில்லை. கேட்காத கேள்விக்கெல்லாம் அதை விடையாக்கியது பின்னால் வந்தவர்களின் வசதி. சோற்றுச் செலவைத் தவிர்க்க ஓர் அறிவியல் காரணம் கிடைத்தால் எந்த அரசுக்குத்தான் கசக்கும்?

சத்தீஸ்கரில் பிலாஸ்பூருக்குப் பக்கத்தில் கனியாரி என்றொரு கிராமம். ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மக்கள் மருத்துவமனை அங்கே நடக்கிறது. 2004 முதல் 2009 வரை அங்கு நுரையீரல் காசநோயோடு வந்த 1,695 பேரின் எடையையும் உயரத்தையும் அனுராக் பார்கவாவும் உடன் இருந்த மருத்துவர்களும் முறையாகக் குறித்துவைத்தார்கள். அந்த அட்டவணை 2013இல் வெளியானது. நடுமட்ட ஆண் நோயாளியின் எடை 42 கிலோ. பெண்ணின் எடை 34 கிலோ, பிஎம்ஐ 15. வயது வந்த பெண், பல வீடுகளில் பிள்ளை பெற்ற தாய், எடையில் ஆறாம் வகுப்புச் சிறுமிக்குச் சமம். நடுமட்டமே இது என்றால் பாதிப் பேர் இதற்கும் கீழே என்று பொருள். எடை குறையக் குறைய இறப்பும் கூடியது. மருந்து இந்த உடலுக்குள் போய்க் கிருமியைக் கொல்லும்தான். கொன்று முடிக்கும்வரை உடம்பு தாங்க வேண்டுமே.

"நோய் வந்ததால் மெலிந்தார்களா, மெலிந்ததால் நோய் வந்ததா?" என்று இங்கே ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். காசநோய் ஆளை உருக்கும் என்பது ஊரறிந்தது. மெலிந்த நோயாளியைக் காட்டி மெலிவே காரணம் என்று வாதிட முடியாது. நோய் வராதவர்களிடம் உணவைக் கொடுத்துப் பார்த்தால்தான் விடை தெரியும்.

அதைத்தான் ஜார்க்கண்டில் செய்தார்கள். மங்களூரு யெனெபோயா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரிக்கு வந்துவிட்ட அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடத்திய ஆய்வு அது. பெயர் 'ரேஷன்ஸ்'. நான்கு மாவட்டங்களில் 28 காசநோய்ப் பிரிவுகள், 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் 10,345 பேர். பெரும்பாலோர் சந்தால், ஹோ, முண்டா, ஓரான் போன்ற பழங்குடியினர். நோயாளிகள் அனைவருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பை: அரிசி, புரதத்துக்கான மாவு, பால் பவுடர், எண்ணெய். சோதனை இருந்தது குடும்பத்தார் விஷயத்தில். பாதிப் பிரிவுகளில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள்; மறுபாதியில் குடும்பத்தாருக்குத் தனியாகக் கொடுக்கவில்லை. 2019 ஆகஸ்டில் ஆள் சேர்ப்பு தொடங்கியது. நடுவில் கொரோனா ஊரடங்கும் வந்து போனது. 2022 ஜூலை வரை ஒவ்வொரு வீடாகப் பின்தொடர்ந்தார்கள்.

2023 ஆகஸ்டில் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் 39 விழுக்காடு குறைந்திருந்தது. சளியில் கிருமி உறுதியான, பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்திருந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது.

இந்த 48 என்ற எண்ணை வேறோர் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் எடை புரியும். காசநோய்க்கு இன்று உலகம் பெரிதும் நம்பியிருக்கும் புதிய தடுப்பூசி எம்72. இரண்டாம் கட்டச் சோதனையில் அது காட்டிய தடுப்பாற்றல் சுமார் 50 விழுக்காடு. அதன் மூன்றாம் கட்டச் சோதனைக்கு இரண்டு பெரும் அறக்கட்டளைகள் சேர்ந்து 55 கோடி டாலர் ஒதுக்கியதாக 2023 ஜூனில் அறிவித்தபோது உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. எழுத வேண்டிய செய்திதான். இரண்டு சோதனைகளும் வேறு வேறு மக்களிடம், வேறு வேறு முறையில் நடந்தவை. எண்களை நேருக்கு நேர் நிறுத்தித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால், ஏறத்தாழ ஒரே அளவுப் பலன் ஊசிக்குள் இருந்தால் அறிவியல் சாதனை, பருப்புக்குள் இருந்தால் சமூக சேவை என்று இரண்டு தராசு வைத்திருப்பதற்கு மருத்துவத்தில் எந்தக் காரணமும் இல்லை.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதில் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். பிசிஜி தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று அறிய உலகின் மிகப் பெரிய சோதனை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களில், 1968இல் தொடங்கியது. பங்கேற்றவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். ஏழரை ஆண்டு முடிவிலும் சரி, பதினைந்தாண்டு முடிவிலும் சரி, பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் தெரியவில்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால் பிசிஜி இன்றும் போடப்படுகிறது, போடவும் வேண்டும். பெரியவர்களிடம் பயன் தராத ஊசிக்குப் பதினைந்து ஆண்டு பொறுமையும் பணமும் கிடைத்தன என்பதையும், உணவுக்கு அப்படியொரு முழுமையான சோதனை கிடைக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

பழைய சான்றுகளும் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் கைதி முகாம் ஒன்றில் பிரிட்டிஷ் வீரர்களும் ரஷ்ய வீரர்களும் அடைபட்டிருந்தார்கள். முகாம் சாப்பாடு இருவருக்கும் ஒன்றுதான். பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் வந்தன. விடுதலைக்குப் பின் சோதித்தபோது, அவர்களில் காசநோய் நூற்றுக்கு ஒன்றை ஒட்டி இருந்தது. ரஷ்யர்களில் பதினைந்தைத் தாண்டியிருந்தது. 1946லேயே 'லான்செட்' இதழில் வந்துவிட்ட செய்தி இது. கேம்பிரிட்ஜுக்கு அருகே 1918 முதல் இயங்கிய பாப்வர்த் குடியிருப்பில் காசநோயாளிகளைக் குடும்பத்தோடு குடியமர்த்தி, வீடும் வேலையும் கூலியும் கொடுத்தார்கள். அங்கே பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியது. நோயாக வெளிப்பட்டது மிகக் குறைவு. மருந்தும் இல்லை, பிசிஜியும் இல்லை. அந்தப் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி 2012இல் மறுபடி அலசியவர்களில் பார்கவா தம்பதியும் உண்டு.

மிகைப்படுத்தியவர்களும் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டாம். பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் மெக்கியூன், இங்கிலாந்தில் காசநோய் இறப்பு மருந்து வருவதற்கு முன்பே பெருமளவு சரிந்துவிட்டது என்று காட்டினார், அது சரி. அதற்கு உணவே முதற்காரணம் என்று அவர் சொன்னதை கேம்பிரிட்ஜ் வரலாற்றாளர் சைமன் ஸ்ரீட்டர் 1988இல் கடுமையாக மறுத்தார். நகராட்சிகளின் சுகாதாரப் பணியையும் வீட்டு வசதியையும் மெக்கியூன் கணக்கில் கொள்ளவில்லை என்பது அவருடைய வாதம். அதிலும் நியாயம் உண்டு. 'மருந்தே வேண்டாம், சத்தான சாப்பாடு போதும்' என்று வீடியோ போடுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையில் இடமில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு முருங்கைக்கீரைச் சூப்பை நம்புகிற நோயாளி செத்துப்போவார். மாத்திரையோடு சேர்த்துச் சோற்றைக் கேட்பதுதான் இங்கே வழக்கு.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வலுவான வாதம் ஒன்று உண்டு. காசநோயாளிகளுக்கு உணவு கொடுத்துப் பார்த்த சிறு சோதனைகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, உணவால் குணமாகும் விகிதம் கூடுகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. கிழக்குத் திமோரில் மருந்துண்ண வருபவர்களுக்கு உணவு கொடுத்த ஒரு சோதனையிலும் சிகிச்சை முடிவுகள் மேம்படவில்லை. ஜார்க்கண்ட் ஆய்விலேயே, முதல் இரண்டு மாதத்தில் எடை 5 விழுக்காடு கூடிய நோயாளிகளிடம் இறப்பு அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது என்று கண்டார்கள் என்றாலும், அதை அப்படியே உணவின் சாதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கொடுத்ததால் ஒப்பிட ஆளில்லை. எடை கூடியவர்கள் ஏற்கெனவே தேறத் தொடங்கியவர்களாகவும் இருக்கலாம். ஒப்பிடுவதற்காகப் பட்டினி நோயாளிகளில் பாதிப் பேருக்கு உணவை மறுத்திருக்க வேண்டுமா என்று கேட்டால், எந்த நெறிமுறைக் குழுவும் அதற்குக் கையெழுத்துப் போட்டிருக்காது.

ஆனால் இந்த வாதம் நோயாளியைச் சுற்றியே நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குடும்பத்தாருக்கு நோய் வராமல் தடுத்தது பற்றிய முடிவு குலுக்கல் முறைச் சோதனையின் முடிவு. அதை இந்த ஐயங்கள் தொடவே இல்லை. 1959 ஆய்வுக்கு நடந்ததே மறுபடி நடக்கிறது. நோயாளியைப் பற்றிய விடையை எடுத்து வந்து குடும்பத்தைப் பற்றிய கேள்வியின் மேல் ஒட்டுகிறார்கள்.

"பசித்தவனுக்குச் சோறு போட்டால் நல்லது என்று கண்டுபிடிக்க ஒரு பல்கலைக்கழகமா?" என்ற கிண்டலும் உண்டு. இது வேறு முகாமிலிருந்து, நல்ல மனத்தோடே வருவது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்றால் எழுபது ஆண்டு ஏன் யாரும் செய்யவில்லை? ஊருக்குத் தெரிந்த உண்மைக்குக் கருவூலத்தில் காசோலை கிடைக்காது; விழுக்காடும் செலவும் போட்டுக் காட்டினால்தான் கோப்பு நகரும். தவிர, எல்லோருக்கும் தெரிந்திருந்தது நோயாளிக்கு உணவு வேண்டும் என்பதுதான். நோயாளியின் தங்கைக்கும் மாமியாருக்கும் கொடுத்தால் அடுத்த நோயாளி உருவாவது பாதியளவு தடுக்கப்படும் என்பது எந்தப் பாட்டிக்கும் தெரிந்திருக்கவில்லை.

"கொடுத்தால் விற்றுவிடுவார்கள், பங்கு போட்டுவிடுவார்கள்" என்பது அலுவலகங்களில் நிரந்தரமாகக் கேட்கும் பல்லவி. வீட்டில் எல்லோரும் வெறுஞ்சோறு தின்னும்போது ஒருவர் மட்டும் பால் குடித்துக்கொண்டிருக்க மாட்டார். நோயாளிப் பையைக் குடும்பமே பகிரும் என்பது உண்மைதான். அதற்குத் தீர்வு குடும்பத்துக்கே கொடுப்பது. ஜார்க்கண்டில் செய்ததும் அதுவே. விற்றுவிட்டிருந்தால் 39 விழுக்காடு எங்கிருந்து வந்திருக்கும்? "ரேஷன் அரிசிதான் ஏற்கெனவே கிடைக்கிறதே" என்பது இதன் அடுத்த அடி. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் தருவது தலைக்கு 5 கிலோ தானியம். அதில் பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை. அரிசி வயிற்றை நிரப்பும். நோயெதிர்ப்புக்கு வேண்டிய புரதம் அதில் சொற்பம்.

பணக் கணக்கைத் தயங்காமல் போட்டுப் பார்க்கலாம். ஜார்க்கண்ட் ஆய்வின்படி ஒரு புதிய நோயாளி உருவாகாமல் தடுக்க 30 வீடுகளில் 111 பேருக்கு உணவு கொடுக்க வேண்டும். ஒருவருக்கு மாதம் 4 டாலர், அன்றைய மதிப்பில் 300 ரூபாய். ஆறு மாதத்துக்குப் பெருக்கினால் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். ஒரு நோய்க்கு 2 லட்சமா என்று மலைப்பவர்கள், அந்த ஒருவரிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவியிருக்கக்கூடியதையும், மருந்துக்கு அடங்காத வகையாக இருந்தால் ஆகும் செலவையும், போன கூலியையும், ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட மற்ற 110 பேரையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சேர்த்துக் கணக்கிட்டவர்கள் லண்டனில் இருக்கிறார்கள். லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் போட்ட மாதிரிக் கணக்கு 2025இல் வெளியானது. இந்தியக் காசநோயாளிகளிலும் அவர்கள் குடும்பத்தாரிலும் பாதிப் பேருக்கு உணவு கொடுத்தாலே 2035க்குள் 3.6 லட்சம் இறப்புகளும் 8.8 லட்சம் நோய்களும் தடுக்கப்படும் என்றது அது. மாதிரிக் கணக்கு மாதிரிக் கணக்குதான். பாதி பிழை என்றே வைத்தாலும் மிச்சம் சிறியதில்லை.

உணவுப் பொருளாகக் கொடுக்காமல் பணமாகக் கொடுத்தாலும் நடக்கிறது என்பதற்கு பிரேசில் சாட்சி. அந்நாட்டின் போல்சா ஃபமிலியா திட்டம் ஏழைக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் பணம் தருகிறது. பாஹியா கூட்டாட்சிப் பல்கலைக்கழகமும் பார்சிலோனா ஆய்வாளர்களும் சேர்ந்து 5.45 கோடி பேரின் பதிவுகளை அலசினார்கள். 2025 ஜனவரியில் வந்த முடிவின்படி, பணம் பெற்ற மிக வறிய குடும்பங்களில் காசநோய் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பழங்குடியினரில் அதைவிடவும் அதிகம். காசநோயை மனத்தில் வைத்து யாரும் அந்தத் திட்டத்தைத் தொடங்கவில்லை.

இந்தியாவிலும் பணம் உண்டு. நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில் மாதம் 500 ரூபாயில் தொடங்கியது. 2024 நவம்பரில் 1,000 ஆனது. நோயாளியின் பைக்குப் பார்கவா குழு செலவிட்ட 13 டாலருக்கு இது கிட்டத்தட்டச் சமம், வரவேற்கலாம். ஆனால் குடும்பத்துக்கு? அதற்காக நிக்ஷய் மித்ரா என்றோர் ஏற்பாடு. மனமுவந்த தனிநபர்களும் நிறுவனங்களும் நோயாளியைத் 'தத்தெடுத்து' உணவுப் பை தருவார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய இதைப் பின்னர் குடும்பத்தாருக்கும் நீட்டினார்கள். தருகிறவர்களின் மனம் பெரியதுதான். ஆனால் போலியோ சொட்டு மருந்தை யாரும் கொடையாளி கிடைத்தால் போடலாம் என்று விட்டுவைத்ததில்லை. 48 விழுக்காடு தடுப்பாற்றல் உள்ள ஒன்றைப் பிறந்தநாள் நன்கொடையிடம் ஒப்படைப்பது மருத்துவக் கொள்கையாகாது. 2025க்குள் காசநோயை ஒழிப்போம் என்று 2018இல் சூளுரைத்த நாடு, அந்தக் கெடு கடந்து போன பிறகும் இதை இப்படியே வைத்திருக்கிறது.

தமிழ்நாடு இதில் ஓரடி முன்னே வைத்திருக்கிறது. 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் உறுதியான அன்றே ஒவ்வொருவரையும் சில எளிய சோதனைகளுக்கு உட்படுத்துகிறது. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். எடைக்கருவி, உயரம் பார்க்கும் அளவுகோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஆகியவை போதும். பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழா? ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான பெண்ணுக்கு இது 31 கிலோவை ஒட்டி வரும். காலில் வீக்கம் உண்டா? மூச்சு வாங்குகிறதா? யாரும் தாங்கிப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா? செவிலியரே இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அபாயம் என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்து, மருந்தோடு உணவையும் சிகிச்சையாகவே கொடுக்க வேண்டும். காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி முதல் இரண்டு மாதத்திலேயே நிகழ்கிறது என்ற கணக்கிலிருந்து பிறந்த திட்டம் இது. சென்னையின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதன் அறிவியல் துணை. தொடக்கக்கால இறப்புகள் குறைந்திருப்பதை ஆய்வேடுகளில் பதிவும் செய்திருக்கிறார்கள். மருத்துவமனையில் வைத்தா, வீட்டில் வைத்தா என்ற கேள்விக்கு 'வீட்டில்' என்று உலகத்துக்கே விடை சொன்ன அதே நகரம், மிக மெலிந்தவர்களுக்கு மட்டும் 'மருத்துவமனையில்' என்று திருத்தம் எழுதியிருக்கிறது. தன் பழைய முடிவின் எல்லை எது என்று தெரிந்த அறிவியல் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஆனால் இந்தத் திட்டம் வாசலுக்கு வந்துவிட்ட நோயாளியைத்தான் காக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் அதன் எல்லைக்குள் இல்லை. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் பதிவாகும் நோயாளிகள் ஒரு லட்சத்துக்கு அருகே. சர்க்கரை நோய் மலிந்த மாநிலம் என்பதால் ஜார்க்கண்டின் பையை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. கூடுதல் அரிசி இங்கே பலருக்குத் தீங்காகவே முடியும். வேண்டியது பருப்பும் முட்டையும் பாலும். ரேஷன் கடையில் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நால்வர் உள்ள வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால், மற்ற மூவருக்கும் ஜார்க்கண்ட் அளவுப்படி 4.5 கிலோ பருப்பு வேண்டும். கடைக்கும் தேவைக்கும் இடையில் நிற்பது மாதம் மூன்றரைக் கிலோ, அதுவும் ஆறு மாதத்துக்கு மட்டும். அட்டை இருக்கிறது, கடை இருக்கிறது, யார் வீட்டில் நோய் என்பது காசநோயாளிகளைப் பதியும் நிக்ஷய் பதிவேட்டில் இருக்கிறது.

இதைச் செய்யும்போது அந்தப் பருப்பை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதில்தான் உண்மையான சண்டை இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து, எந்த மருந்து எவ்வளவு போனது, எவ்வளவு இருப்பு என்று கணக்கு வைப்பதற்காக நாடெங்கும் பேர் வாங்கியது. நோயாளி வீட்டுப் பருப்பும் முட்டையும் அதுபோன்ற ஒரு கணக்கில், மருந்துக் கொள்முதல் என்ற தலைப்பின்கீழ் வர வேண்டும். இருப்புத் தீர்ந்தால், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் தீர்ந்ததற்கு எந்த அதிகாரி பதில் சொல்கிறாரோ, அவரே இதற்கும் பதில் சொல்ல வேண்டும்.